நான்கு, மூன்று: ஒரு கிரேக்கச் சாடியை வாசிப்பது எப்படி

வாட்டிகன் அருங்காட்சியகத்தில், பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் பொருள்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 61 சென்டிமீட்டர் உயரத்தில், இருபுறமும் பிடி வைத்த ஒரு சுடுமண் சாடி நிற்கிறது. அதன் வயிற்றில் இரண்டு போர்வீரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவிலுள்ள சிறு மேடையின் மேல் குனிந்திருக்கிறார்கள். இருவரின் இடக்கையிலும் இரண்டிரண்டு ஈட்டிகள். வலக்கை மேடையை நோக்கி நீண்டிருக்கிறது. ஏதோ விளையாடுகிறார்கள். இடப்பக்கத்தவரின் வாயருகே ‘தெசரா’ என்று கிரேக்க எழுத்துகள்: நான்கு. வலப்பக்கத்தவரின் வாயருகே ‘த்ரியா’: மூன்று. பக்கத்திலேயே பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. நான்கு என்பவர் அக்கிலிஸ். மூன்று என்பவர் அயாக்ஸ்.

கிரேக்க, ரோமானிய இலக்கியத்தையும் வரலாற்றையும் கலையையும் பொருள்கொள்ளத் தொடங்குகிறவர்கள் முதலில் தெய்வங்களின் பெயர்ப் பட்டியலையும் மன்னர்களின் காலவரிசையையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படித் தொடங்கியவர்களில் பலர் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை விடாமல் கேள்வி கேட்பது அதைவிட நல்ல வழி. இந்தச் சாடி அதற்கு மிகவும் தோதானது. இதில் ஓவியம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, காவியம் இருக்கிறது, அரசியல் சர்ச்சையும் இருக்கிறது. இதை வாசிக்கத் தெரிந்துகொண்டால், அதே கேள்விகளை ஒரு ரோமானியச் சிலையிடமும் ரோமானியக் கவிஞர் ஓவிடின் கவிதையிடமும் கேட்கலாம்.

கண்ணுக்குத் தெரிவது என்ன?

பொருள் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டும். எளிதாகத் தோன்றினாலும் அதிகம் தவறவிடப்படும் படி இதுதான். விளக்க அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதைத்தான் பார்த்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சாடி ஏதென்ஸில் செய்யப்பட்டது. காலம் ஏறத்தாழ கி.மு. 540–530. உருவங்கள் கறுப்பு, பின்புலம் செம்மண் நிறம். இந்தக் கறுப்பு தனியாகப் பூசிய சாயம் அல்ல. இரும்புச்சத்து மிகுந்த களிமண்ணை நன்றாகக் கரைத்து, தெளிந்த நுண்குழம்பை எடுத்து உருவங்களை வரைந்தார்கள். சூளையில் முதலில் காற்றோட்டத்தோடு சுட்டு, பிறகு காற்றை அடைத்துப் புகையில் சுட்டு, கடைசியில் மீண்டும் காற்றை விட்டார்கள். காற்று அடைபட்டபோது சாடி முழுவதும் கறுத்தது. மீண்டும் காற்று வந்தபோது குழம்பு பூசாத இடங்கள் மட்டும் சிவப்புக்குத் திரும்பின. பூசிய இடங்கள் கண்ணாடிபோல் இறுகிவிட்டதால் கறுப்பாகவே நின்றன. முகத்தின் கோடுகள், மேலாடையின் பூவேலை, தலைமுடியின் சுருள் எல்லாம் சுடுவதற்கு முன் கூர்முனையால் கீறியவை. இரண்டு வீரர்களின் போர்வைகளிலும் உள்ள நுண்கீறல்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூச்சடைக்கும். கை ஒருமுறை நடுங்கியிருந்தாலும் கெட்டுப்போயிருக்கும் வேலை அது.

யார் கை? அதையும் சாடியே சொல்கிறது. விளிம்பில் ‘எக்செகியாஸ் என்னை வரைந்தார், என்னைச் செய்தார்’ என்று எழுதியிருக்கிறது. பேசுவது சாடி. குயவரும் ஓவியரும் ஒருவரே என்று நமக்கு உறுதியாகத் தெரிவது இப்படிப்பட்ட சில பாத்திரங்களால்தான். எக்செகியாஸ் எங்கே பிறந்தார், எப்போது இறந்தார் என்று சொல்லும் நூல் எதுவும் இல்லை. அவர் வாழ்க்கை வரலாறு என்று நம்மிடம் இருப்பது அவருடைய மண்பாண்டங்களே.

இனி உருவங்கள். அக்கிலிஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, முகம் தெரியும்படி மேலே தள்ளியிருக்கிறார். அயாக்ஸின் தலைக்கவசம் அவருக்குப் பின்னால், சாய்த்துவைத்த கேடயத்தின் மேல் இருக்கிறது. அதனால் அக்கிலிஸின் கவசக் கொண்டை உயர்ந்து நிற்கிறது, அயாக்ஸின் தலை ஒரு படி கீழே இருக்கிறது. சாய்ந்து வரும் ஈட்டிகள் நம் பார்வையை நேராக நடுமேடைக்குக் கொண்டுபோகின்றன. மேடையைப் பக்கவாட்டில் வரைந்திருப்பதால் அதன் மேல் இருப்பது தாயக்கட்டையா, காய்களா என்று தெரியவில்லை. எண்களைக் கூவுவதால் தாயக்கட்டை என்று பலர் கொள்கிறார்கள்.

இதுவரை எந்தக் கதையையும் நாம் இழுத்துவரவில்லை. ஆனாலும் ஒருவர் உயர்ந்தும் ஒருவர் தாழ்ந்தும் இருப்பதும், நான்கும் மூன்றும் அதற்குப் பொருந்துவதும் தெரிந்துவிட்டன.

இலியட்டில் இல்லாத காட்சி

அக்கிலிஸ், அயாக்ஸ் என்ற பெயர்களைப் பார்த்தவுடன் ‘இது டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில் வரும் காட்சி’ என்று சொல்லிவிடத் தோன்றும். இலியட்டின் 24 காண்டங்களையும் தேடினாலும் இந்த விளையாட்டு கிடைக்காது. எஞ்சியிருக்கும் வேறெந்தக் கிரேக்க நூலிலும் இல்லை. டிராய் போரைப் பாடிய வேறு காவியங்கள் பல இருந்தன. அவை அழிந்துவிட்டன, பிற்காலச் சுருக்கங்களும் சில வரிகளுமே மிஞ்சியிருக்கின்றன. அவற்றிலும் இந்தக் காட்சி இல்லை.

அப்படியானால் எக்செகியாஸுக்கு இது எங்கிருந்து வந்தது? அழிந்துபோன பாட்டொன்றில் இருந்திருக்கலாம். வாய்வழிக் கதையாக இருந்திருக்கலாம். அவரே கற்பனை செய்ததாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆதாரம் நம்மிடம் இல்லை, அதனால் மூன்றையும் திறந்தே வைக்க வேண்டும். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஓவியம் என்பது நூலுக்கு வரைந்த விளக்கப்படம் அல்ல. குயவருக்கும் கதை சொல்லத் தெரியும். நூலில் இல்லாததைப் படத்தில் கண்டால் அது ஓவியரின் பிழை என்று எண்ணாமல், கதையைச் சொல்ல அந்தக் காலத்தில் வேறு வாய்களும் இருந்தன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காட்சி பிடித்துப்போனது என்பது மட்டும் உறுதி. இதே விளையாட்டைக் காட்டும் பாத்திரங்கள் நூற்றைம்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இருவருக்கும் நடுவே அதீனா தேவி நிற்கிறாள். அங்கே காட்சியின் பொருளே மாறிவிடுகிறது: விளையாட்டில் மூழ்கிப் போரை மறந்தவர்களை அவள் எழுப்புவதுபோல் தோன்றும். எக்செகியாஸின் சாடியில் அதீனா இல்லை. இருவர் மட்டும்தான். அந்த அமைதியை மற்றச் சாடிகளின் கதையால் நிரப்பிவிடக் கூடாது.

பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது

விடிய விடியக் கூத்துப் பார்ப்பவருக்குக் கர்ணன் சாகப்போவது முன்பே தெரியும். தெரிந்திருப்பதால்தான் அவன் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுக்கும்போது தொண்டை அடைக்கிறது. எக்செகியாஸின் சாடியை முதன்முதலில் கையில் வாங்கியவர்களும் அப்படிப்பட்ட சபைதான். அவர்களுக்குத் தெரிந்த கதையை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிராயை முற்றுகையிட்ட கிரேக்கர்களில் அக்கிலிஸ் முதல்வர். அயாக்ஸ் அவருக்கு அடுத்தவர். இதை இலியட்டே இரண்டாம் காண்டத்தில் வெளிப்படையாகச் சொல்கிறது: அக்கிலிஸ் கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருந்த வரையில் அயாக்ஸே சிறந்த வீரர். போர் முடிவதற்குள் அக்கிலிஸ் கொல்லப்படுகிறார். எதிரிகளின் நடுவிலிருந்து அவர் உடலைத் தோளில் தூக்கிவருகிறவர் அயாக்ஸ். அக்கிலிஸின் ஆயுதங்கள் யாருக்கு என்று வழக்கு வருகிறது. உழைத்தவர் அயாக்ஸ், பரிசு போனது ஒடிசியஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தலைவருக்கு. அவமானத்தில் சித்தம் கலங்கிய அயாக்ஸ், எதிரிகள் என்று நினைத்துக் கால்நடைகளை வெட்டிச் சாய்க்கிறார். தெளிந்தபின் தன் வாளை மண்ணில் நட்டு அதன் மேல் விழுந்து இறக்கிறார். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியின் பதினோராம் காண்டத்தில் ஒடிசியஸ் இறந்தோர் உலகில் அயாக்ஸின் நிழலைச் சந்தித்துச் சமாதானம் பேசுகிறார். அயாக்ஸ் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போகிறார். மேலைக் காவியங்களில் இவ்வளவு கனமான மௌனம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் அறிந்தவருக்கு ‘நான்கு’, ‘மூன்று’ என்பவை வெறும் ஆட்டப் புள்ளிகளாக இருக்க முடியுமா? முதல்வரும் இரண்டாமவரும் தங்கள் வரிசையைத் தாங்களே உச்சரிக்கிறார்கள். அயாக்ஸ் இங்கேயும் ஒன்று குறைவு. நான் இந்தச் சாடியை இப்படித்தான் வாசிக்கிறேன், ஆய்வாளர்கள் பலரும் இந்தத் திசையில்தான் செல்கிறார்கள். ஆனால் இதில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: அந்த விளையாட்டில் பெரிய எண்ணுக்குத்தான் வெற்றி என்று நாமாக எடுத்துக்கொண்டோம். விதி எழுதிய நூல் நம் கையில் இல்லை. நல்ல பொருள்கோள் எந்தக் கல்லின் மேல் நிற்கிறது என்பதைக் காட்டிவிட வேண்டும். கல்லை மறைத்தால் கட்டுரை அழகாக இருக்கும், நம்பிக்கை போய்விடும்.

இந்த வாசிப்புக்கு இன்னொரு துணையும் இருக்கிறது, அது எக்செகியாஸின் மற்றப் பாத்திரங்கள். ஜெர்மனியின் மியூனிக்கில் உள்ள, அவருடையது என்று கருதப்படும் ஒரு சாடியில் அயாக்ஸ் அக்கிலிஸின் உடலைச் சுமந்து வருகிறார். பிரான்ஸின் பூலோன்-சுர்-மேர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் இன்னொன்றில் அயாக்ஸ் தனியாகக் குனிந்து, வாளை மண்ணில் நட்டுச் சுற்றிலும் மண்ணைக் கையால் அணைத்துக்கொண்டிருக்கிறார். மற்ற ஓவியர்கள் வாள் பாய்ந்து கிடக்கும் உடலை வரைந்தார்கள். எக்செகியாஸ் அதற்கு முந்தைய கணத்தை வரைந்தார். அயாக்ஸின் நெற்றியில் சுருக்கக் கோடுகளைக் கீறியிருக்கிறார். ஒரு பக்கம் பனைவகை மரம் ஒன்று, மறுபக்கம் கேடயமும் அதன் மேல் தலைக்கவசமும். அந்தக் காலிக் கவசம் அயாக்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வாட்டிகன் சாடியில் அவருக்குப் பின்னால் இருந்த அதே தலைக்கவசமும் கேடயமும் இங்கே அவருக்கு முன்னால் வந்து நிற்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே மனிதனின் கதையை ஒரே கை திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறது.

ஆண்டைப் பார்த்துவிட்டு இணையுங்கள்

அயாக்ஸ் என்றதும் இலக்கிய மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்கிளீஸின் நாடகம். வாளை நட்டுவைத்து அயாக்ஸ் பேசும் கடைசிப் பேச்சு அதில்தான் இருக்கிறது. அந்த வாள் டிராயின் இளவரசன் ஹெக்டர் கொடுத்தது. இலியட்டின் ஏழாம் காண்டத்தில் இருவரும் இரவு நெருங்கும் வரை மோதியும் வெற்றி தோல்வி இல்லாமல் பிரிகிறார்கள். அப்போது ஹெக்டர் வெள்ளிக் குமிழ் பதித்த வாளைப் பரிசாகத் தருகிறான், அயாக்ஸ் தன் இடைக்கச்சையைத் தருகிறார். பகைவனின் பரிசே பின்னாளில் உயிரை எடுத்தது என்று சோஃபக்கிளீஸ் அந்த முடிச்சை இறுக்குகிறார்.

இப்போது பூலோன் சாடியைப் பார்த்து ‘இதோ ஹெக்டரின் வாள்’ என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. சாடி ஏறத்தாழ கி.மு. 530-ஐச் சேர்ந்தது. சோஃபக்கிளீஸ் பிறந்ததே கி.மு. 496-ஐ ஒட்டித்தான். எக்செகியாஸ் அந்த நாடகத்தைப் பார்த்திருக்க வழியில்லை. வாளின் மேல் பெயர் எதுவும் எழுதவும் இல்லை. ஹெக்டரின் வாள் என்ற எண்ணம் அவர் காலத்திலேயே இருந்திருக்கலாம். ஆனால் நாடகத்தை வைத்துக்கொண்டு அதை நிறுவ முடியாது. கிரேக்க, ரோமானியக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை இதுதான் என்பேன்: ஆயிரம் ஆண்டுகளின் பொருள்களையும் நூல்களையும் ‘பண்டைக் காலம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததை வைத்து விளக்குவது. ஹோமரின் காவியங்களுக்கும் ஓவிடுக்கும் இடையே ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் இருக்கின்றன.

சாடியும் அதன் ஊரும்

வரலாறு எங்கே வருகிறது? எக்செகியாஸின் காலத்தில் ஏதென்ஸை ஆண்டவர் பைசிஸ்ட்ராடஸ். இருமுறை துரத்தப்பட்ட அவர் கி.மு. 546-ஐ ஒட்டி, பல்லீனி என்ற இடத்தில் ஏதென்ஸ் படையைத் திடீரென்று தாக்கி மூன்றாம் முறை ஆட்சியைப் பிடித்தார். அப்போது நகரத்துப் படையினர் சாப்பிட்டுவிட்டுச் சிலர் தாயம் உருட்டிக்கொண்டும் சிலர் தூங்கிக்கொண்டும் இருந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். 1978-இல் ஜான் போர்ட்மன் என்ற ஆய்வாளர் இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தார். பெரும் வீரர்களே விளையாட்டில் மெய்ம்மறந்தார்கள் என்று காட்டுவதன் மூலம், தோற்ற ஏதென்ஸ்காரர்களின் மானத்தை ஓவியம் காப்பாற்றுகிறதோ என்பது அவர் கருத்து.

எனக்கு இந்தக் கருத்தின் துணிச்சல் மிகவும் பிடிக்கும். ஆனால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஹெரோடோட்டஸ் எழுதியது அந்தப் போருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து. சாடியில் உள்ளவர்கள் ஏமாந்தவர்கள்போல் இல்லை, ஈட்டியைக் கையை விட்டு விடவே இல்லை. இன்னொன்று, இந்தச் சாடி கிடைத்தது ஏதென்ஸில் அல்ல. இத்தாலியில், எட்ருஸ்கர்களின் நகரமான வுல்சியில் கிடைத்தது. கடல் கடந்து வந்த ஏதென்ஸ் பாண்டங்களை எட்ருஸ்கர்கள் ஆசையோடு வாங்கினார்கள், இறந்தவரோடு கல்லறையில் வைத்தார்கள். அந்தக் கல்லறைகள் காத்ததால்தான் இத்தனை சாடிகள் உடையாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அங்கே கிடைத்ததால் பதினெட்டாம் நூற்றாண்டில் இவற்றை எட்ருஸ்கர்களே செய்ததாகப் பலர் நம்பினார்கள். இங்கிலாந்துப் பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் 1769-இல் திறந்த தன் தொழிற்சாலைக்கு ‘எட்ரூரியா’ என்று பெயர் வைத்ததும் அந்த நம்பிக்கையின் தடம்தான். வுல்சியில் இதை வாங்கியவருக்குப் பல்லீனிப் போரைப் பற்றி என்ன கவலை? ஒரே சாடிக்கு ஏதென்ஸில் ஒரு பொருளும் வுல்சியில் வேறொரு பொருளும் இருந்திருக்கும்.

அயாக்ஸை ஏதென்ஸ் தன்னவராக ஆக்கிக்கொண்டது என்பதற்கு மட்டும் வலுவான சான்றுகள் உண்டு. அவர் சலாமிஸ் தீவைச் சேர்ந்தவர். அந்தத் தீவுக்காக ஏதென்ஸும் அண்டை நகரமான மெகாராவும் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சண்டையிட்டன. இலியட்டின் கப்பல் பட்டியலில், அயாக்ஸ் பன்னிரண்டு கப்பல்களோடு வந்து ஏதென்ஸ் படையின் அருகே நிறுத்தினார் என்று ஒரு வரி வருகிறது. தீவுக்கு உரிமை கொண்டாட ஏதென்ஸ்காரர்களே நுழைத்த வரி இது என்று பண்டைக் காலத்திலேயே குற்றச்சாட்டு இருந்தது. நுழைத்தவர் ஏதென்ஸின் சட்டம் வகுத்த சோலோன் என்றார்கள் சிலர், பைசிஸ்ட்ராடஸ் என்றார்கள் சிலர். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர்களான புளூட்டார்க்கும் ஸ்ட்ராபோவும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாடபேதம் என்பது இன்றைய பேராசிரியர்களின் பொழுதுபோக்கு அல்ல. ஒரு வரி யாருடையது என்ற கேள்வியில் ஒரு தீவே அடங்கியிருந்தது. பிறகு கி.மு. 508-ஐ ஒட்டி கிளைஸ்தனிஸ் என்ற தலைவர் ஏதென்ஸ் மக்களைப் பத்துப் பிரிவுகளாக வகுத்தபோது அவற்றில் ஒன்றுக்கு அயாக்ஸின் பெயரையே வைத்தார்.

ரோமுக்குப் போன அயாக்ஸ்

கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபின் நடந்த இறுதிச் சடங்கில், பக்குவியஸ் என்ற பழைய ரோமானிய நாடகாசிரியரின் வரியொன்றைப் பாடினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுயட்டோனியஸ் எழுதுகிறார். அக்கிலிஸின் ஆயுதங்களுக்கான வழக்கைப் பற்றிய நாடகம் அது. வரியின் கருத்து: என்னை அழிப்பதற்கென்றா இவர்களை நான் காப்பாற்றினேன்? சீசரைக் குத்தியவர்களில் புரூட்டஸ் உட்படச் சிலர், உள்நாட்டுப் போரில் எதிர்ப்பக்கம் நின்று அவரால் மன்னிக்கப்பட்டவர்கள். கூட்டத்துக்கு இதைவிட விளக்கம் தேவைப்பட்டிருக்காது. கிரேக்கத்தின் பழைய துயரம் ரோமின் அன்றைய அரசியலாக ஒரே வரியில் மாறிவிட்டது. பக்குவியஸ் எழுதியபோது சீசர் பிறக்கவே இல்லை. ஆசிரியர் நினைத்த பொருள் ஒன்று, கேட்டவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறொன்று. இரண்டும் வரலாறுதான். இரண்டில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டால் போதும்.

சீசரின் வளர்ப்பு மகன் அகஸ்டஸ் அயாக்ஸைப் பற்றி ஒரு நாடகம் எழுதத் தொடங்கினார். நடை கைகூடவில்லை, அழித்துவிட்டார். ‘உங்கள் அயாக்ஸ் எப்படி இருக்கிறார்?’ என்று நண்பர்கள் கேட்டபோது, ‘பஞ்சின் மேல் விழுந்துவிட்டார்’ என்றாராம். வாளின் மேல் விழுந்த வீரர், மை துடைக்கும் கடற்பஞ்சின் மேல் விழுந்தார். கேட்ட நண்பர்களுக்குக் கதை தெரியாவிட்டால் இந்தப் பதிலுக்குச் சுவையே இல்லை. ரோமானியப் படித்தவர்களின் வீட்டில் கிரேக்கக் கதை எவ்வளவு புழங்கியது என்பதற்கு இந்தச் சிறு செய்தி பெரிய சான்று.

நம் காலத்திலும் அயாக்ஸ் ஓயவில்லை. அமெரிக்காவில் 2008 முதல் சோஃபக்கிளீஸின் அந்த நாடகத்தைப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் முன்பாக வாசித்துக் காட்டி, பிறகு அவர்களைப் பேசவைக்கிறார்கள். அவர்கள் அயாக்ஸில் தங்கள் தோழர்களைக் காண்கிறார்கள். அது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பொருள் அல்ல. ஆனால் நாடகத்தின் உண்மையான வாழ்வில் அதுவும் ஒரு பகுதி, அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

சாடியைத் திருப்புங்கள்

புத்தகங்களில் வாட்டிகன் சாடியின் ஒரு பக்கம்தான் அச்சாகிறது. மறுபக்கத்தில் காஸ்டர், பாலிடியூசஸ் என்ற சகோதரர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அருகில் தாய் லீடா நிற்கிறாள். தந்தை டின்டாரியஸ் குதிரையைத் தட்டிக்கொடுக்கிறார். குதிரைக்கும் கில்லாரஸ் என்று பெயர் எழுதியிருக்கிறது. ஒரு நாய் பாலிடியூசஸின் மேல் தாவுகிறது. அவர்கள் வீடு திரும்புகிறார்கள் என்று பலரும், கிளம்புகிறார்கள் என்று சிலரும் சொல்கிறார்கள். நான் திரும்பும் காட்சியாகவே பார்க்கிறேன்: நாய் அப்படித் தாவுவது வந்தவரைப் பார்த்துத்தான். ஒரு பக்கம் வீடு திரும்பாமலே டிராயில் சாகப்போகும் இருவர், மறுபக்கம் வீட்டு வாசலில் இருவர். எக்செகியாஸ் இதை நினைத்தே இரண்டையும் ஒரே சாடியில் வைத்தாரா என்பதற்குச் சாடிக்கு வெளியே சான்று கிடையாது.

காஸ்டரும் பாலிடியூசஸும், டிராய் போருக்குக் காரணமான ஹெலனின் சகோதரர்கள். இலியட்டின் மூன்றாம் காண்டத்தில் ஹெலன் டிராயின் மதில்மேல் நின்று, கீழே திரண்டிருக்கும் கிரேக்கத் தலைவர்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டுகிறாள். அவர்களில் அயாக்ஸையும் காட்டுகிறாள். பிறகு தன் சகோதரர்கள் இருவரையும் கூட்டத்தில் தேடுகிறாள், காணவில்லை. தன்னால் வந்த அவமானத்துக்கு அஞ்சித்தான் களத்துக்கு வரவில்லையோ என்று நினைக்கிறாள். அவர்களைச் சொந்த மண் ஏற்கெனவே மூடிவிட்டது என்று ஹோமர் நமக்கு மட்டும் சொல்கிறார்.